சைகோனில் குடியேறும் கென்யக் குடும்பம்: வீடு, காகிதம், தலைமுடி, தெரு

நெய்தல்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தொழிற்சாலை பழைய பின் டுவாங் மாகாணத்தில் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து அது ஹோ சி மின் நகரத்தோடு, அதாவது சைகோனோடு, சேர்ந்துவிட்டது. நைரோபியிலிருந்து ஒரு பராமரிப்புப் பொறியாளர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருகிறார். மனைவி ஆங்கில ஆசிரியை, மகளுக்கு ஏழு வயது. இவர்களைக் குடியமர்த்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வெளிநாட்டவருக்கான கையேடுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் எல்லாமே வெள்ளைக்காரரை மனசில் வைத்து எழுதியவை. கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்கு வியட்நாமில் எங்கே சிக்கும், எதை முன்கூட்டியே செய்து வைக்கலாம் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

சைகோன் சரவணன்

முதலில் காகிதம். மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

பொறியாளருக்கு வேலை அனுமதி வேண்டும். அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், ஒருமுறை நீட்டிக்கலாம். பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் கேட்பார்கள். நன்னடத்தைச் சான்று ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கணும். வெளிநாட்டில் வாங்கிய ஒவ்வொரு காகிதமும் தூதரக வழியில் சான்றுறுதி ஆகி, வியட்நாமிய மொழிபெயர்ப்போடு நோட்டரி முத்திரை பெறணும். திருமணச் சான்றும் குழந்தையின் பிறப்புச் சான்றும் இதே வழியில் வரணும், இல்லையென்றால் குடும்பத்துக்கான வசிப்பு அட்டை நகராது. அவர்கள் நாட்டுக்குப் பொறுப்பான வியட்நாம் தூதரகம் வேறு நாட்டில் இருந்தால் கூரியரிலேயே வாரக்கணக்கில் போய்விடும். டிக்கெட் போடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் தேதியையும் இப்போதே பாருங்கள். தற்காலிக வசிப்பு அட்டையின் காலம் பாஸ்போர்ட் காலாவதிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் முடியணும். பாஸ்போர்ட்டில் ஒன்றரை வருடம்தான் மீதி என்றால் இரண்டு வருட அட்டை கிடைக்காது.

மின்விசாவில் சுற்றுலா என்று போட்டு வந்து வேலையைத் தொடங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 15 முதல் 25 மில்லியன் டாங் (வியட்நாம் பணம்) அபராதம், மேலே நாடுகடத்தலும் உண்டு. ஆப்பிரிக்க பாஸ்போர்ட் என்றால் சோதனையில் கூடுதல் நேரம் நிறுத்திவைத்துப் பார்ப்பது நடக்கிறது. அது நியாயமில்லை. அதனால்தான் இவர்கள் காகிதத்தில் ஓட்டை இருக்கவே கூடாது என்று சொல்கிறேன்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. போட்டோ. வேலை அனுமதிக்கு 4×6 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. இங்கே ஸ்டூடியோக்காரர்கள் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கி, தோலை வழவழப்பாக்கித்தான் பிரிண்ட் கொடுப்பார்கள். அவர்களுக்கு அது மரியாதை. ஆனால் கருநிறத் தோலில் இரண்டு படி வெளுத்தால் மூக்கும் தாடையும் வேறு ஆள் மாதிரி ஆகிவிடும், கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள். ‘தோல் நிறத்தை மாற்ற வேண்டாம்’ என்று வியட்நாமியத்தில் போனில் எழுதி, கேமரா முன்னால் உட்காரும் முன்பே காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், தொனி தவறினால் அவர்களுக்குப் புரியாது. பிரிண்டுக்குப் போகும் முன் திரையில் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். வெளிச்சத்தைக் கூட்டுவது சரி, நிறத்தை மாற்றுவது கூடாது.

மாலதி க.

வீட்டு விஷயம் நான் சொல்கிறேன். தரகர் ‘வீட்டுக்காரர் ஆப்பிரிக்கர்களை எடுக்க மாட்டார்’ என்று நேராகவே சொல்வார். இங்கே அதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கம் இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, ஆன்லைன் மோசடி வழக்குகளில் சில ஆப்பிரிக்கர்கள் கைதான செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஒரு கண்டத்தையே அதில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு, போலீஸ் தன் வீட்டு வாசலுக்கு வருமோ என்ற பயம். முதலாவதை நீங்கள் ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றலாம்.

ஒப்பந்தத்தைக் கம்பெனி பெயரில் போடுங்கள். குடியிருப்பவர் பெயர் இணைப்பில் வரட்டும். வாடகை கம்பெனிக் கணக்கிலிருந்து போகும் என்று தெரிந்ததும் பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள். தரகருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே நாடு, குடும்பம், வேலை, ஒப்பந்தக் காலம் நாலையும் எழுதுங்கள். மறைத்து வைத்து, குடும்பம் வாசலில் நிற்கும்போது ‘இல்லை’ என்று கேட்க வைப்பது அவர்களுக்குத்தான் வலி. அந்தக் குழந்தையும் கூட நிற்கும்.

அட்வான்ஸ் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கேட்பார்கள். அதற்கு மேல் கேட்டால் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஏன் என்று கேளுங்கள். மின்சாரம் தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பது எழுத்தில் வரணும். நாட்டின் சராசரி விலை யூனிட்டுக்குச் சுமார் 2,200 டாங், வரி தனி. 3,500, 4,000 என்று வாங்கும் வீட்டுக்காரர்கள் நிறைய. சாவி வாங்கும் அன்று சுவர், ஏசி, குழாய், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஜாலோவில் (இங்கே எல்லாரும் வைத்திருக்கும் செய்தி ஆப்) வீட்டுக்காரருக்கே அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கி வையுங்கள்.

குடிபுகுந்ததும் தற்காலிக வசிப்புப் பதிவு. 2014ஆம் வருடச் சட்டப்படி இடம் கொடுப்பவர் 12 மணி நேரத்துக்குள் வார்டு போலீஸுக்குத் தெரிவிக்கணும், தொலைவான பகுதிகளில் 24 மணி நேரம். ஆன்லைனிலும் செய்யலாம். இது வீட்டுக்காரரின் கடமை, வாடகைக்கு இருப்பவரின் கடமை இல்லை. ஆனால் அவர் செய்யாவிட்டால் அடிபடுவது உங்கள் ஆள்தான், ஏனென்றால் வசிப்பு அட்டைக்கு அந்தப் பதிவு வேண்டும். ‘பதிவு செய்து நகல் தருவேன்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள். வெளிநாடு போய்த் திரும்பி வந்தால் மறுபடி பதியணும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குடிபோன முதல் வாரத்திலேயே அந்தக் குடியிருப்புப் பகுதித் தலைவரைப் பார்த்து ஒரு பை பழம் கொடுத்து அறிமுகம் ஆகிவிடணும். சந்தில் யார் வந்தார்கள் என்று போலீஸ் கேட்கும் முதல் ஆள் அவர்தான்.

வேலவன்

நல்ல தகவல்கள். ஆனாலும் நெய்தல் பயந்துவிட வேண்டாம். வியட்நாமியர்களிடம் இனவெறி கிடையாது, ஆர்வம்தான். முறைத்துப் பார்ப்பார்கள், முடியைத் தொடுவார்கள், சேர்ந்து போட்டோ எடுப்பார்கள். வயது, சம்பளம், கல்யாணம் எல்லாம் கேட்பார்கள். அதை எல்லோரிடமும் கேட்கிறார்கள். நம்மூர்க்காரர் போனாலும் அதே கேள்விதான்.

வடமராட்சியான்

வேலவன் அண்ணை, பாதி சரி, பாதி பிழை. வயது கேக்கிறது மரியாதைக்குறைவு இல்லை எண்டது உண்மை. வயது தெரியாட்டி அவைக்கு உங்களை எப்பிடிக் கூப்பிடுறது எண்டே தெரியாது. மூத்த ஆம்பிளை ஆன், மூத்த பொம்பிளை சீ, இளையவர் எம், இன்னும் மூத்தால் சூ, கோ. அண்ணை, அக்கா, தம்பி, மாமா எண்டு பழகின எங்களுக்கு இது லேசு, கென்யாக்காரருக்கு ஆரும் சொல்லிக் குடுக்க வேணும். நாற்பது வயதுப் பொறியாளர் ஐம்பது வயது வீட்டுக்காரரிட்ட தன்னை எம் எண்டு சொன்னால், சந்திலை அவரைப் பற்றின பேச்சே வேறை மாதிரி ஆகும்.

ஆனால் ஆர்வம் எண்ட ஒரு சொல்லாலை எல்லாத்தையும் மூடக் கூடாது. வீடு இல்லை எண்டிறது ஆர்வம் இல்லை. வெள்ளைத் தோற்றம் உள்ள ஆசிரியர் வேணும் எண்டு விளம்பரம் போடுறது ஆர்வம் இல்லை. வியட்நாம் 1982இலேயே இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையிலை சேர்ந்த நாடு. 2021 ஜனவரியிலை நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் இனம், தோல்நிறம், தேசிய மூலம் எல்லாத்தையும் பேர் சொல்லி, அதுகளாலை வேலையிலை பாகுபாடு காட்டக் கூடாது எண்டு தடுக்குது. ஹோ சி மின்னே 1924இலை அமெரிக்காவிலை கறுப்பரை அடிச்சுக் கொல்லுறதைக் கண்டிச்சுக் கட்டுரை எழுதினவர். அந்த நாட்டிலை நிண்டு நியாயம் கேக்கிறதுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

பழைய ஆக்களின்ரை பார்வைக்குப் பின்னாலை ஒரு சரித்திரமும் இருக்கு. பிரெஞ்சுப் படையிலை செனகல், மொராக்கோ, அல்ஜீரியாக்காரர் இருந்தவை. பிறகு அமெரிக்கப் படை. கறுப்புச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளையள் 1975க்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. 1987இலை அமெரிக்கா சட்டம் போட்டுக் கலப்புப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனது, எல்லாரும் போகேல்லை. அதாலை வயது போனவை கறுப்பு ஆக்களைக் கண்டால் முதலிலை அமெரிக்கனோ எண்டுதான் கேப்பினம். கென்யா எண்டு சொன்னால் பேச்சு உடனை ஒபாமாவின்ரை தகப்பனுக்குப் போகும். 2016இலை ஹனோய் கடையொண்டிலை ஒபாமா புன் சா எண்ட நூடுல்ஸ் சாப்பிட்டது அங்கை இன்னும் பேச்சு. அந்த ஒரு வரியை வைச்சே பத்து நிமிசம் சிரிச்சுக் கதைக்கலாம். உதைபந்து பாக்கிற ஆக்களெண்டால் நைஜீரியாவிலை பிறந்து வியட்நாம் குடியுரிமை எடுத்த ஹோவாங் வூ சாம்சனைத் தெரியாமல் இருக்காது.

தெருவிலை ‘தெய் டென்’ எண்டு காதிலை விழும். கறுப்பு வெளிநாட்டான் எண்டதுதான் கருத்து, பலர் அடையாளத்துக்குச் சொல்லுறது. ஆனால் திரும்பத் திரும்ப, சிரிச்சுக்கொண்டு, பிள்ளைக்கு முன்னாலை சொன்னால் நிப்பாட்டச் சொல்ல வேணும். சத்தம் போடக் கூடாது. எல்லாருக்கும் முன்னாலை கத்தினால் பிழை செய்தவன்ரை பக்கந்தான் ஊர் சேரும், அவன்ரை மானம் போகுதெண்டு. கிட்டப் போய்த் தணிஞ்ச குரலிலை, உறவுமுறைச் சொல்லோடை, சிரிக்காமல் சொல்ல வேணும்.

பஞ்சவர்ணம்

முடி பற்றி ஒருத்தரும் விவரமாக எழுதவில்லையே. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அன்றாடம் இதுதான்.

ஊரில் கிடைக்கும் பெரும்பாலான லோஷன், க்ரீம், சோப்பு எல்லாம் வெளுப்பாக்கும் ரகம். புட்டியில் ‘த்ராங்’ என்ற சொல் இருந்தால் வெள்ளை என்று பொருள், எடுக்க வேண்டாம். ‘டுவோங் அம்’ என்று இருந்தால் ஈரப்பதம் காப்பது, அதை எடுக்கலாம். இரண்டு சொல்லையும் எழுத்துருவோடு போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெயிலில் பெண்கள் முகத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தாலே அங்கே வெளுப்புக்கு என்ன மதிப்பு என்று புரியும். தமிழர்கள் நாம் இதைப் புரிந்துகொள்ள அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

சுருள்முடிக்கு வேண்டியதில் தேங்காய் எண்ணெய் நல்லதாகவே கிடைக்கும், பென் த்ரே பக்கத்துச் சரக்கு. ஷியா வெண்ணெய் ஷாப்பி என்ற ஆன்லைன் கடையில் வாங்கலாம். லீவ்-இன் கண்டிஷனர் (கழுவாமல் முடியிலேயே விடுவது), ஜெல், அகலப் பல் சீப்பு, சாட்டின் தொப்பி எல்லாம் மூன்று மாதத்துக்குப் போதுமான அளவு கொண்டு வரட்டும். பின்னல் போடும் ஆப்பிரிக்கப் பெண்கள் சைகோனில் இருக்கிறார்கள், அங்கே வாழும் ஆப்பிரிக்கர்களின் குழுக்களில் கேட்டால் எண் கிடைக்கும். சாதாரண சலூனில் சுருள்முடியைக் கொடுத்தால் நேராக்கத்தான் பார்ப்பார்கள்.

ஒரு தலை பாக்ஸ் பின்னலுக்கு, அதாவது கட்டம் கட்டமாக வகிடு எடுத்துப் போடும் பின்னலுக்கு, செயற்கை முடி ஐந்திலிருந்து எட்டுப் பாக்கெட் ஆகும். அரிசி வினிகர் கலந்த நீரில் ஊற வைத்து, மேலே வெள்ளையாகக் கழன்று வரும் பூச்சைக் கழுவிக் காய வைத்த பிறகு பின்னினால் தலை அரிக்காது. கழுவும்போது ஷாம்பூவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, வகிடு வழியாகத் தலைத்தோலில் மட்டும் விடணும். அடுத்ததுதான் முக்கியம்: வேர் முழுதாகக் காயணும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், காற்றிலேயே ஈரம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரமாகவே இருக்கும், மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும். ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து வேரில் காட்டணும். ஆறு, எட்டு வாரத்துக்கு மேல் பின்னலை வைத்திருக்க வேண்டாம்.

ஹெல்மெட். 2007 டிசம்பர் 15 முதல் கட்டாயம். 2025இலிருந்து போடாதவருக்கு 400,000 முதல் 600,000 டாங் அபராதம், பின்னால் உட்கார்ந்தவருக்கும் சேர்த்து. கிராப் ஆப்பில் கூப்பிடும் வாடகை பைக்காரர் கொடுக்கும் ஹெல்மெட் சின்னது, பின்னல் தலையில் ஏறாது. முடியை உச்சியில் கொண்டையாகக் கட்டி மேலே கவிழ்த்தால் அது முடியின் மேல்தான் உட்காரும், விழுந்தால் பயனில்லை. பின்னலைக் கழுத்தடியில், ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே தாழ்வாகக் கட்டணும். மெல்லிய சாட்டின் துணியைத் தலையில் சுற்றி, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கு வாங்கணும். உள்ளே சி.ஆர். என்ற வியட்நாம் தரமுத்திரை இருக்கணும். பட்டையை மாட்டிக்கொண்டு குனிந்து, பின் விளிம்பைக் கையால் முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்றால் அந்த அளவு வேண்டாம். மகளுக்கும் இதே சோதனை. அடுக்குமாடி நீச்சல் குளத்தில் தொப்பி கேட்டால் அங்கே விற்பது போதாது, நீள்முடிக்கான பெரிய சிலிக்கான் தொப்பியை நைரோபியிலிருந்தே வாங்கி வரட்டும்.

முடியைத் தொட வருவது பற்றி: குழந்தைகளிடம் உள்ளங்கையைக் காட்டி ‘கோம் டூக்’, கூடாது, என்றால் போதும். பாட்டிமார் கேட்காமலே தொடுவார்கள். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி, பேச்சை மாற்றினால் அவருக்கும் அவமானம் இல்லை. மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், ‘உனக்குப் பிடிக்கவில்லை என்றால் விலகிவிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது’ என்று. பெரியவர்கள் சிரித்துச் சமாளிப்பதைப் பார்த்துக் குழந்தையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நெய்தல்

பஞ்சவர்ணம் அக்கா, அச்செடுத்து அப்படியே அவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான். பேங்கும் ஆஸ்பத்திரியும் யாராவது சொல்லுங்கள். மனைவி அங்கே பாடம் நடத்தலாமா?

சைகோன் சரவணன்

பேங்க்: கணக்கின் ஆயுள் விசாவின் ஆயுள். ஆவணம் காலாவதியானால் ஆன்லைன் பரிமாற்றம் நின்றுவிடும், புதிய அட்டையை எடுத்துக்கொண்டு கிளைக்கே போகணும். 2024 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் 10 மில்லியன் டாங்குக்கு மேல் அனுப்ப முகச் சரிபார்ப்பு வேண்டும். கருநிற முகத்துக்கு மங்கிய குழல்விளக்கில் அது அடிக்கடி தவறும். கிளையில் முதல் பதிவு எடுக்கும்போதே வெளிச்சம் முகத்தின் மேல் நேராக விழும் இடத்தில், ஜன்னலைப் பார்த்தபடி எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கவே கூடாது. பிறகு வீட்டிலும் அதே மாதிரி. பெரிய தொகை கட்டும் நாளில் தவறினால் தலைவலி.

மனைவிக்குக் குடும்ப வசிப்பு அட்டை கிடைத்தாலும் அதை வைத்து வேலை செய்ய முடியாது. தனி வேலை அனுமதி வேண்டும். பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் கேட்பார்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாத நாட்டவர் என்று கணக்கெடுத்து மொழித்தகுதிச் சான்றும் கேட்பார்கள், கென்யாவில் படிப்பே ஆங்கிலத்தில்தான் என்றாலும். சி1 (ஐரோப்பிய மொழித்தர அளவில் உயர்நிலை) அளவுக்கான தேர்வை ஊரிலேயே எழுதிவிட்டு வருவது நல்லது. ‘முதலில் சேருங்கள், அனுமதி பிறகு’ என்று சொல்லும் மையத்தை விட்டு விலகச் சொல்லுங்கள். மேலே சொன்ன அபராதம் அவருக்கும்தான். விண்ணப்பத்தில் போட்டோ வைப்பதா வேண்டாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். நிறத்தைப் பார்த்து ஒதுக்கும் இடம் முதல் மெயிலிலேயே தெரிந்துவிடும், மாதிரி வகுப்பு எடுக்க நாலு நாள் அலைய வேண்டாம்.

ஸ்டெதஸ்கோப்

ஆஸ்பத்திரி பக்கம் நான். வருவதற்கு முன் மூவரின் ரத்த வகையும் தெரிந்திருக்கணும். வியட்நாமில் ஆர்.எச். நெகட்டிவ் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆப்பிரிக்க வம்சாவளியினரில் அதைவிடப் பல மடங்கு அதிகம். யாராவது நெகட்டிவ் என்றால், அவசரத்தில் ரத்தம் உடனே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முன்பே சொல்லி வைக்கணும். அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனையும் செய்துகொண்டு, முடிவை வியட்நாமிய மொழிபெயர்ப்போடு பர்ஸில் வைக்கணும். அங்கே அந்த நோய் அரிது, மருத்துவர் முதலில் அதை நினைக்க மாட்டார்.

டெங்கு தெற்கே வருடம் முழுக்க உண்டு, மழையில் அதிகம். கருந்தோலில் சிவப்புத் தடிப்பு எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கன்னத்தின் உட்புறம், கண் இமையின் கீழ்ப்பக்கம் பார்க்கணும். காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பாரசிட்டமால் மட்டும், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருந்தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எண் 94 என்று இருந்து மூச்சு வாங்கினால் எண்ணை நம்பாமல் ரத்த வாயு பரிசோதனை கேட்கணும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கைப்பையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113.

மாலதி க.

பள்ளி விட்டுப்போச்சு. எந்தப் பள்ளியானாலும் வகுப்பாசிரியர்தான் எல்லாம். பெற்றோர் ஜாலோ குழு இருக்கும், முக்கியமான முடிவெல்லாம் அதில்தான். பள்ளி திறக்கும் முன் வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளணும்: மகளின் பெயரைச் சரியாக உச்சரித்து அறிமுகம் செய்வது, முடியைத் தொடக் கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்வது, நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வந்தால் அன்றே பெற்றோருக்குத் தெரிவிப்பது. இதை வியட்நாமியத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். தந்தை மட்டும் போகாமல் கம்பெனி ஆள் ஒருவர், முடிந்தால் வயதில் மூத்த வியட்நாமியப் பெண், கூடப் போனால் ஆசிரியர் இன்னும் கவனமாகக் கேட்பார். வகுப்புப் போட்டோ எடுக்கும் நாளில் ஸ்டூடியோக்காரரிடமும் மேலே சரவணன் சொன்ன அந்த வரியைக் காட்ட வேண்டியிருக்கும்.

நெய்தல்

நாளைக்கே தரகருக்கு நாலு வரியும் எழுதி அனுப்புகிறேன். ஒப்பந்தம் கம்பெனி பெயரில் போட மேலாளர் ஒத்துக்கொண்டார். பதிவு நகல் பற்றிய வரியை வியட்நாமியத்தில் யாராவது எழுதித் தர முடியுமா?

மாலதி க.

உள்பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். அதை ஒப்பந்தத்தின் இணைப்பில் போடாமல் முதல் பக்கத்திலேயே, வாடகைத் தொகைக்கு அடுத்த வரியில் போடச் சொல்லுங்கள். இணைப்பை வீட்டுக்காரர்கள் படிப்பதே இல்லை.